கோடு போட்ட பிறகு கூப்பிடுவதற்குப் பெயர் கருத்துக் கேட்பா?



நீளமான பதிவு இது. அவசரமாகப் போகிறவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் தலையை ஆட்டினீர்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு வரி போட்டான். சாலைத் திட்டங்களுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எஞ்சினியர் அவன். "அத்தை, கருத்துக் கேட்பெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி. ரிப்போர்ட்ல அதுக்கு ஒரு சாப்டர் வேணும், அவ்வளவுதான். வெயில்ல அலையாதீங்க." கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னிடமே கணக்கு படித்தவள்.

அலைந்தது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒரு சாலையை மேம்படுத்தப் போகிறார்களாம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். வேலை நாள், காலை 11 மணி. மீன்காரப் பெண்கள் கடையை எடுத்துவைக்காத நேரம், ஷிப்ட் ஆட்கள் உள்ளே இருக்கிற நேரம். முன்வரிசையில் கட்சிக்காரர்கள், பின்வரிசையில் என்னைப் போல ரிட்டயர் ஆனவர்கள். திரையில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். பேசிய பையன் நல்ல பையன், தமிழில்தான் விளக்கினான். ஆனால் வரைபடத்தில் கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. எந்தச் சுவர் உடையும், எந்த மரம் போகும், நடுத்தடுப்பு எங்கே வரும் எல்லாமே அதில் இருந்தன. நான் எழுந்து, "இந்த இடத்தில் ஜனங்கள் எங்கே கடப்பார்கள், தம்பி?" என்று கேட்டேன். "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்றான். பிறகு சமோசா வந்தது.

அந்தத் துறையைத் திட்ட இந்தப் பதிவை எழுதவில்லை. என் அண்ணன் மகனுக்குத்தான் பதில். அவன் சொல்வது தப்பு என்பதைக் கணக்கு டீச்சராகவே காட்டுகிறேன். ஜனங்களைக் கேட்பதை அவன் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அளவெடுப்பதில் அது ஒரு பாதி. அந்தப் பாதியை விட்டுவிட்டால் மீதிப் பாதியும் தப்பாகத்தான் வரும்.

சாலையை எப்படி ஆய்வு செய்கிறார்கள்? முதலில் வண்டிகளை எண்ணுகிறார்கள். பெரும்பாலும் சில நாள், மிஞ்சினால் ஒரு வாரம். எண்ணியதை எல்லாம் காராக மாற்றுகிறார்கள். இந்தியச் சாலைப் பேராயம், அதாவது ஐ.ஆர்.சி., நகரச் சாலைகளுக்கு 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கார் 1. சைக்கிள் 0.4 அல்லது 0.5. லாரியும் பஸ்ஸும் 2.2 முதல் 3.7 வரை. கைவண்டிகூட 2 முதல் 3. இதையெல்லாம் கூட்டி, சாலை தாங்குமா, எத்தனை தடம் வேண்டும் என்று சொல்கிறார்கள். நடந்து போகிற மனுஷனுக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. கூடையோடு கடக்கிற மீன்காரம்மா அங்கே பூஜ்யம்.

உடனே ஓடி வருவான் என் மருமகப்பிள்ளை: "அத்தை, நடப்பவர்களுக்குத் தனி வழிகாட்டி இருக்கு!" இருக்கிறது, ஐயா. அதையும் படித்தேன். நடுச்சாலையில் கடக்கும் வசதி வேண்டுமா என்று பார்க்க ஒரு சூத்திரம். நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்கள் P, அதே நேரத்தில் போகும் வண்டிகள் V. P-ஐ V-இன் வர்க்கத்தால் பெருக்கு. தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்ட வேண்டும். நடுத்தடுப்பு இருந்தால் 20 கோடியைத் தாண்ட வேண்டும். நடுவில் நின்று மூச்சு வாங்கலாமாம், அதனால் அங்கே இரட்டிப்பு.

ஒரு கணக்குப் போடுவோம். நோட்டை எடுங்கள். ஒரு குப்பத்தின் எதிரே மணிக்கு 250 பேர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டி 1,000. 250 பெருக்கல் 10 லட்சம், 25 கோடி. எப்படிப் பார்த்தாலும் அங்கே கடக்க வசதி வேண்டும். இப்போது சாலையை அகலப்படுத்தி நடுத்தடுப்பை இடுப்பு உயரத்துக்கு எழுப்புங்கள். பயத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் நின்றுவிட்டார்கள், 100 பேர்தான் துணிந்து ஏறிக் குதிக்கிறார்கள். வண்டி கூடவில்லை என்றே வைத்துக்கொண்டால் விடை 10 கோடி. தேவையோ இப்போது 20 கோடி. முடிவு: "இவ்விடத்தில் கடக்கும் வசதி அவசியமில்லை." சூத்திரத்தில் தப்பில்லை, பெருக்கலிலும் தப்பில்லை. அந்தத் தடுப்பே ஆட்களைக் குறைத்தது, அந்தத் தடுப்பே வரம்பையும் ஏற்றியது. கடக்காமல் நின்றுபோன 150 பேர் எந்த நோட்டிலும் கிடையாது. அவர்கள் யார், ஏன் நின்றார்கள், இப்போது எப்படிப் போகிறார்கள் என்பதை அறிய ஒரே வழிதான். வீட்டு வாசலில் போய்க் கேட்க வேண்டும்.

அந்த 150 பேரில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக நெத்திலியும் காரப்பொடியும் கொண்டுவந்தவர். எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடந்து நடந்தே வருவார். தடுப்பு வந்த பிறகு இடைவெளி இருக்கிற இடம் வரை நடந்து, கடந்து, திரும்பவும் இந்தப் பக்கமாக நடந்து வர வேண்டியதாயிற்று. முழங்கால் தாங்கவில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் அதிலேயே போகிறது. நிறுத்திவிட்டார். இப்போது குப்பத்துக்குள்ளேயே உட்கார்ந்து விற்கிறார், வாங்க ஆள் குறைவு. இந்த நஷ்டம் எந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தில் வரும்?

வெளியூரில் இருக்கிறவர்களுக்காக நம் ஊர் அமைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடல். அதை ஒட்டி ராயபுரம், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எக்ஸ்பிரஸ் ரோடு. அதற்கு மேற்கே திருவொற்றியூர் ஹைரோடு, பிறகு ரயில் பாதை, பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் மணலி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன், 2021-ல் வந்த மெட்ரோ எல்லாம் மேற்கே. கடலோரக் குப்பத்துப் பிள்ளை எதற்குப் போனாலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடந்தாக வேண்டும்.

அந்த ரோட்டை நாலு வழியாக்கிய திட்டம் உங்களில் 40 வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். 1990-களின் கடைசியில் பேச்சு எழுந்தது. வேலை தொடங்கியது 2011-ல். நாலைந்து சாலைகள் சேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர், செலவு 600 கோடி அளவுக்குப் போனது. இதற்கென்று ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். பங்காளிகள் நாலு பேர்: தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழ்நாடு அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம். எதற்காக? துறைமுகத்துக்கு லாரி தடையில்லாமல் போக. அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலை ஓரத்தில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பங்காளிகள் பட்டியலில் இல்லை. அப்புறப்படுத்த வேண்டியவர்கள் பட்டியலில்தான் இருந்தார்கள்.

"ஜனங்கள்தான் திட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள்" என்று அப்போது சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். நன்றாக யோசியுங்கள். பேச்சுக்கும் வேலைக்கும் நடுவே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரு வருஷம் குப்பம் குப்பமாக உட்கார்ந்து பேசியிருந்தால், புல்டோசர் வந்த அன்று ஜனங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்களா? முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டால் அது கோபமாகத்தான் வரும்.

இன்னொரு திட்டத்தையும் பாருங்கள். துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-ல் கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கும் என்று மாநில அரசு நிறுத்தியது. பாதித் தூண்கள் ஆற்றில் வருஷக்கணக்காக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார். 13 வருஷம்! அதைத் தாமதப்படுத்தியது எந்த மீன்காரம்மா?

கடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, எங்கள் கரை கரைந்தது. எந்த மாதத்தில் அலை எங்கே ஏறும், கல் கொட்டினால் அடுத்த குப்பத்தில் என்ன ஆகும், கட்டுமரம் எங்கே இறக்க முடியாமல் போகும் என்பதெல்லாம் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவருக்குத் தெரியும். சம்பளம் வாங்காத எஞ்சினியர் அவர். அவரிடம் அரை மணி நேரம் உட்காராமல் கடலோரம் ரோடு போட வருகிறார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வந்து எண்ணினால் காசிமேடு காலியாக இருக்கும். ஐஸ் வண்டி இல்லை, மீன் வண்டி இல்லை, கூடைகள் இல்லை. பௌர்ணமி அன்று எங்கள் வடிவுடையம்மன் கோயில் பக்கம் வந்து பாருங்கள், அதுவும் வெள்ளிக்கிழமையில் வரும் பௌர்ணமி. மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்க்கக் கிளம்பும் கூட்டத்துக்கு ஹைரோடு போதாது. எந்த வாரம் எண்ண வேண்டும் என்று ஊர்க்காரனிடம் கேட்காதவனுக்கு எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும்?

2023 டிசம்பர் 26 ராத்திரியை மறந்திருக்க மாட்டீர்கள். உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அன்றைக்கு அந்த ரோடு துறைமுகச் சாலை இல்லை, உயிர் தப்பிக்கிற வழி. என் கேள்வி இதுதான். வட சென்னையில் ஒரு சாலையை ஆய்வு செய்யும்போது, ராத்திரி 12 மணிக்கு ஒரு குப்பம் முழுக்க இந்தச் சாலைக்கு வந்தால் எங்கே ஏறும், எங்கே கடக்கும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக உள்ளே வரும் என்று ஒரு பத்தி உண்டா? நிறுத்தி வைத்த டிரெய்லர் வரிசைக்கு நடுவே சந்து எங்கே விடுவது என்று ஒரு படம் உண்டா? மணலியிலும் எண்ணூரிலும் இத்தனை ஆலைகளை வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் ரோடு போடுவது எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

சட்டம் கேட்கச் சொல்லவில்லையா என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் வறட்சியான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன்படி நிலம் எடுக்க அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். யார்? அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்கள். புறம்போக்கில் வலை காயப்போடுகிறவருக்கும் நடைபாதையில் இட்லி விற்கிறவருக்கும் பட்டா ஏது? 2013-ன் நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு, அதற்குப் பொதுமக்கள் கூட்டம் என்று நல்ல ஏற்பாடு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு அதில் விலக்கு. தமிழ்நாட்டின் 2001 நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் நம் சட்டமன்றம் விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே வருஷம் புதிதாகச் சட்டம் போட்டார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 

சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு? தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு 30 கிலோமீட்டர் என்று இருந்த வரம்பை 2013-ல் 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். விழுப்புரம் நாகப்பட்டினம் சாலை கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். அதைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் 100-க்குக் கீழே வரும்படி வேலைக்கு விட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எட்டு மாம்பழத்தை இரண்டிரண்டாகக் கொடுத்துவிட்டு "எட்டு கொடுக்கவே இல்லை" என்று சொல்கிற கணக்கு இது. ஐந்தாம் வகுப்பில் இப்படிச் சொன்னவனை நான் பெஞ்ச் மேல் ஏற்றியிருக்கிறேன்.

இன்னொரு வெட்கக்கேடு. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரை 133 கிலோமீட்டர் சுற்றுச் சாலை வருகிறது. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி போன்றவர்கள் கடன் தருகிறார்கள். பாதிக்கப்படுகிறவர்களோடு பேசு, பட்டா இல்லாதவரையும் கணக்கில் எடு என்பது அவர்கள் விதிகளில் இருக்கிறது. அதாவது, கடன்காரன் சொன்னால் நம் ஜனங்களை நாம் கேட்போம். நம் காசில் போட்டால் கேட்க மாட்டோம்.

கேட்டால் நடக்கும் என்பதற்கு உதாரணமும் நம் சென்னையிலேயே உண்டு. 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம். கட்டுவதற்கு முன்பே தற்காலிகத் தடுப்பு வைத்து, வண்டியை நிறுத்தி, ஒத்திகை பார்த்தார்கள். கடைக்காரர்களும் குடியிருப்போரும் கத்தியதைக் கேட்டார்கள், பிறகுதான் கல் பதித்தார்கள். தி.நகருக்கு ஒத்திகை, திருவொற்றியூருக்கு நேரே அரங்கேற்றமா? நாலு டிரம் வைத்து ஒரு மாதம் நடுத்தடுப்பை ஒத்திகை பார்க்க எவ்வளவு செலவாகும்? வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு ஆயிரம் ஆயிரம் கோடியாக அறிவித்திருக்கிறார்கள். அதில் டிரம் வாங்கக் காசு இருக்கும்.

இப்போது நம் பக்கத்துத் தப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் டீச்சர் இல்லை. 2022 நவம்பரிலிருந்து நகரங்களிலும் கிராம சபை மாதிரிப் பகுதி சபா நடக்கிறது. உங்களில் எத்தனை பேர் போனீர்கள்? உங்கள் பகுதி சபாவில் யார் இருக்கிறார்கள் என்றாவது தெரியுமா? நானே முதல் வருஷம் போகவில்லை, முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திட்ட அறிக்கையைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்டவர் யார்? சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு நடந்தால், கடைசியில் பதிவான கருத்துகளை எல்லோர் முன்னாலும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குள் நாம் டோக்கனைக் கொடுத்து பிரியாணி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நான் சொன்னதை எழுதினாயா, வாசித்துக் காட்டு என்று கடைசி வரை உட்கார்ந்திருக்க ஆள் இல்லாததால்தான் "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்ற ஒரு வரியோடு கூட்டம் முடிகிறது.

என்னிடம் படித்த பிள்ளைகளில் நெடுஞ்சாலையில், மாநகராட்சியில், கன்சல்டன்சியில் இருப்பவர்கள் குறைந்தது பத்துப் பேராவது இதைப் படிப்பீர்கள். உங்களைப் போராடச் சொல்லவில்லை, வேலைக்கு உலை வைக்கவும் சொல்லவில்லை. அடுத்த தடவை கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்பும்போது, கோடு போடும் முன் இரண்டு நாள் ஒதுக்கிக் குப்பத்துக்குள் போய் நாலே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எங்கே கடக்கிறீர்கள்? முன்பு எங்கே கடந்தீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள்? ராத்திரி ஏதாவது ஆனால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? சாயங்காலம் 7 மணிக்கு மேல் போங்கள், அப்போதுதான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் முன்னால் அவர்கள் பேச மாட்டார்கள், பேசினாலும் நடுவில் ஒருத்தர் விளக்கம் சொல்ல வந்துவிடுவார். இதையும் அந்த சாப்டரிலேயே போடலாம், கண்ணா. சாப்டர் வேண்டும் என்றுதானே சொன்னாய்?

அவன் பதிலுக்கு, "டேட்டா இல்லாம என்ன பேசுறது அத்தை?" என்று கேட்பான் என்பது எனக்குத் தெரியும். சரி, டேட்டா எடுப்போம். வருகிற திங்கள்கிழமை காலை 6 முதல் 9 வரை, பள்ளிக்கூட நேரம். கூட்டத்தில் நான் கேட்ட அதே இடம். நாலு பேர் கிடைத்தால் போதும். இரண்டு பேர் கடப்பவர்களை எண்ண, ஒருவர் வண்டி எண்ண, ஒருவர் என்னோடு குப்பத்துக்குள் வந்து கடக்காதவர்களைக் கேட்க. பழைய மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. முடிந்ததும் மூன்று நகல் எடுத்து, மனுவோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் டிபன்.

நோட்டு நான் வாங்கி வைத்துவிட்டேன். பென்சில் நீங்கள் கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். சிரிப்புப் பொம்மை போட்டவள் கட்டாயம் வர வேண்டும், வருகைப் பதிவேட்டில் உன் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.